அமுக்காத லிவர்

மணி ஒன்றரை.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கண் விழிப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு அவளுடைய கணவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாக சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேருமே சொன்ன நேரம் தவறாதவர்கள். வக்கீலம்மாவுக்கு இருந்தது அதுவரைக்குமான நேரம்தான்.

வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது தொழில் துப்பறிவது. கோட்டு போனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது. அவளுடைய உதவியாளன் முன்பு கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன், அதனால் ஊருக்கே அவன் கேமரா. "மாப்பிள்ளை பொண்ணைச் சிரிக்க வைக்கிறதுக்குன்னு திறந்த வாய் மேடம், அதுக்கப்புறம் மூடவே வரல" என்று அவனே சொல்லிக்கொள்வான். வக்கீலம்மா அவனைப் பல தடவை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறாள். அவன்தான் போவதில்லை.

கைதான அந்தக் கணவன் ஒரு சைக்கிள் மெக்கானிக். காலையில் அவனுடைய அக்கா ஆபீசுக்கு வந்து அழுதுவிட்டுப் போனாள். "என் தம்பி ஒரு நட்டைக் கூட அரைகுறையா முறுக்க மாட்டான். பொண்டாட்டி சைக்கிள்லயா விட்டுடுவான்?" அந்த ஒரு கேள்விக்காகத்தான் இருவரும் இப்போது போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கத்தில் நின்றார்கள்.

சுவரோரம் ஒரு சிவப்பு சைக்கிள் சாய்ந்திருந்தது. கைப்பிடி கோணல். பின்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. முன்சக்கரம் மட்டும் எதுவும் நடக்காதது போல ஒழுங்காக நின்றது. சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன டூல்ஸ் பை தொங்கியது.

"பாருங்க மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "முந்தாநாள் சாயங்காலம் மெக்கானிக்தான் ரெண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் பேடு போட்டிருக்கார். அவரே ஒத்துக்கறார். நேத்துக் காலையில ஏழு மணிக்கு, மலைப்பாதையில மூணாவது வளைவு. அந்தம்மா தடுப்பைத் தாண்டி விழுந்து கிடந்தாங்க. சைக்கிள்ல முன்னாடியும் பேடு இல்ல, பின்னாடியும் இல்ல. பேடை நிறுத்தி வைக்கிற பின்னும் இல்ல. ஒரு பின்னை மாட்ட மறந்தா கவனக்குறைவுன்னு விட்டுடலாம். ரெண்டையுமா மறப்பான் ஒருத்தன்?"

"மறதிக்கு இரட்டை வேஷம்," என்றான் கேமரா.

யாரும் சிரிக்கவில்லை.

வக்கீலம்மா முன்சக்கரத்தின் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் மெல்லிய இரும்புத் தட்டு. அந்தத் தட்டை இரண்டு பக்கமும் பிடிப்பதற்கு ஒரு கவ்வி. கவ்வியின் உள்ளே, தபால்தலை அளவில் இரண்டு பேடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடுக்கு.

"இதுக்குள்ள இவ்வளவுதானா?" என்று கேமரா குனிந்தான். குனிந்தவன் கை சும்மா இருக்குமா? கைப்பிடியில் இருந்த பிரேக் லிவரின் மேல் விரல்களை வைத்தான்.

"அமுக்காதீங்க!"

குரல் சுவரில் அடித்துத் திரும்பியது. கேமரா லிவரை விட்டுவிட்டு ஓரடி துள்ளினான். லாக்கப்பின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் நின்றான். இரண்டு நாள் தாடி, கலங்கிய கண், நகக்கண்ணில் போகாத கறுப்பு.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றான், குரல் இறங்கிப்போய். "பேடு இல்லாதப்ப லிவரை அமுக்கவே கூடாது. உள்ள இருக்கற பிஸ்டன் ரெண்டும் வெளிய வந்துடும். ஆயில் கொட்டிடும். அப்புறம் உள்ள தள்றதுக்குள்ள தாவு தீர்ந்துடும்."

"அண்ணே, உங்க மேல கொலை முயற்சி கேஸு. நீங்க பிஸ்டனுக்குக் கவலைப்படறீங்க."

"நான் கத்தணும்னு நினைக்கல சார். வாய் தானா கத்திடுச்சு. இந்த வேலை பழகின எவனாலயும் அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியாது."

வக்கீலம்மா அவனையே பார்த்தாள். அப்புறம் லிவரைப் பார்த்தாள். அப்புறம் கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கவ்வியின் இடுக்குக்குள் அடித்தாள். முன்பக்கம் முடித்துவிட்டுப் பின்பக்கமும் போய்ப் பார்த்தாள். கேமராவுக்கு அந்த முகம் தெரியும். அந்த முகம் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

"உன் சைக்கிளைக் கொண்டா," என்றாள்.

"மேடம், அது என் சொந்த வண்டி."

"தெரியும். அதுல பிரேக் புடிச்சா தெருவே திரும்பிப் பார்க்குது. இன்னிக்கு இலவச சர்வீஸ்."

அடுத்த கால் மணி நேரம் அந்த ஸ்டேஷன் அதற்கு முன் பார்த்திராத காட்சி. லாக்கப்புக்குள் இருந்து வாத்தியார் பாடம் நடத்தினார், வெளியே மண்ணில் உட்கார்ந்து மாணவன் வியர்த்தான்.

"முன்சக்கரத்தைக் கழட்டிடுங்க. கழட்டிட்டீங்களா? தட்டை மட்டும் கையால தொடாதீங்க, எண்ணெய்ப் பசை ஒட்டினா பிரேக் புடிக்காது. கவ்வி மேல குறுக்க ஒரு பின் போகுது பாருங்க. அதோட நுனி மடங்கி இருக்கும். குறடால நேராக்கி உருவுங்க. இப்ப ரெண்டு பேடையும் சேர்த்துப் புடிச்சு வெளிய இழுங்க. நடுவுல ஒரு ஸ்பிரிங் இருக்கும், அதுவும் கூடவே வரும்."

வந்தது. கேமரா அதைக் கையில் வைத்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இப்ப உள்ள பாருங்க. ரெண்டு பக்கமும் வட்டமா தெரியுதே, அதுதான் பிஸ்டன். லிவரை அமுக்கினா அது வெளிய வந்து பேடைத் தள்ளும், பேடு தட்டைப் புடிக்கும். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளிய வந்துக்கிட்டே இருக்கும். அதனால புதுப் பேடு போடறதுக்கு முன்னாடி அதைப் பிளாஸ்டிக் பட்டையால பைய உள்ள தள்ளிடணும். அப்புறம் ரெண்டு பேடுக்கும் நடுவுல ஸ்பிரிங்கை வச்சு உள்ள விடணும், பின்னை மாட்டணும், நுனியை மடக்கணும். கடைசியா சக்கரத்தைப் போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் லிவரைத் தொடணும். கெட்டியாகற வரைக்கும் நாலஞ்சு தடவை அமுக்கணும்."

"முந்தாநாளும் இப்படித்தான் செஞ்சீங்களா?" என்றாள் வக்கீலம்மா.

மெக்கானிக் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தான்.

"புதுப் பேடு எடுத்ததும் புடிக்காதும்மா. பழக்கணும். இருபது தடவை வேகமா ஓட்டி நிறுத்தணும். அவளே ஓட்டினா. கடை வாசல்ல நான் நின்னேன், தெருக்கோடியிலருந்து வேகமா வந்து என் முன்னாடி நிறுத்தினா. இருபதும் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் என் செருப்பை இடிக்கிற மாதிரி வந்து நின்னு சிரிச்சா." கம்பியில் நெற்றியைச் சாய்த்தான். "ஆனா பின்னோட நுனியை மடக்கினேனா? ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டேன். கைக்கு மடக்கின ஞாபகம் இருக்கு. மனசுக்கு இல்ல. ஒருவேளை நான்தான் விட்டுட்டேனோ? அவ கண்ணைத் திறந்து என்னை அப்படிப் பார்த்துட்டான்னா நான் எங்க போவேன்?"

கேமரா கையிலிருந்த குறடைக் கீழே வைத்தான்.

வக்கீலம்மா பேச்சை மாற்றினாள். "சைக்கிள்ல பாட்டில் வைக்க ரெண்டு கூடு இருக்கு. ஒரு பாட்டில்தான் இருக்கே?"

"ஒண்ணு அவ குடிக்கிறதுக்கு. இன்னொண்ணு சாம்பிள். அவ தண்ணி பரிசோதிக்கிற லேப்ல வேலை செய்யறா. தினமும் மேல நீர்த்தேக்கத்துலருந்து தண்ணி எடுத்துக் கீழ கொண்டுபோவா. நேத்து முகமே சரியில்ல. என்னன்னு கேட்டேன். ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வந்து சொல்றேன்னா."

இன்னும் வரவில்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். விபத்து நடந்த இடத்தில் பால் வண்டி டிரைவர் எடுத்தது. சாலையோரப் புல்லில் சைக்கிள் படுத்திருந்தது.

"முதல்ல பார்த்தவர் அந்த லேப்போட தலைவர். பின்னாலயே கார்ல வந்திருக்கார். சைக்கிளைத் தூக்கி ஓரமா வச்சிருக்கார். பத்து நிமிஷம் கழிச்சுப் பால் வண்டி வந்ததும், ரெண்டு பேருமா அந்தம்மாவைக் கார்ல ஏத்தியிருக்காங்க. நல்ல மனுஷன். நேத்துலருந்து ஆஸ்பத்திரியை விட்டு நகரல."

"போட்டோ எடுத்தவருக்கும் நல்ல கை," என்றான் கேமரா, தொழில் பாசத்தோடு. "செயின், பல்சக்கரம், ஒவ்வொரு பல்லும் மேல தெளிவா தெரியுது."

"இன்னொருத்தரும் அங்க இருக்கார்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "அந்தம்மாவோட அண்ணன். ஆறு மாசம் இதே மெக்கானிக் கடையில வேலை பார்த்தவர். தங்கச்சி முதலாளியையே காதலிச்சுக் கட்டிக்கிட்டதும் கோவிச்சுட்டுப் போனார். அதுலருந்து பேச்சுவார்த்தை இல்ல. மெக்கானிக் மேல புகார் எழுதிக் குடுத்தவரும் அவர்தான்."

"நேத்துக் காலையில ஏழு மணிக்கு அண்ணன் எங்க இருந்தாராம்?"

"வீட்டுல தூங்கினாராம்."

"சாட்சி தலகாணி," என்றான் கேமரா.

வக்கீலம்மா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "சார், மூணே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர வேண்டாம். அவர் அங்க இருந்தா காரியம் கெட்டுடும்."

காரின் தலையில் கேமராவின் சைக்கிளைக் கட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம்," என்றான் கேமரா.

"நீ ஒரு இறக்கத்துல போற. வளைவு வருது. லிவரை அமுக்கறே, பிரேக் இல்ல. என்ன பண்ணுவே?"

"மறுபடி அமுக்குவேன். கடவுளைக் கூப்பிடுவேன். மறுபடி அமுக்குவேன். உடைஞ்சு கையோட வர்ற வரைக்கும் அமுக்குவேன்."

"அப்ப பேடு இல்லாத கவ்வியில பிஸ்டன் என்ன ஆகும்?"

"வெளிய வரும்..." என்று இழுத்தான் கேமரா.

"வெளிய வந்து தட்டைக் கடிச்சிருக்கணும்," என்றாள் வக்கீலம்மா. "தட்டு முழுக்கக் கீறல் இருக்கணும். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு கவ்வியிலயும் பிஸ்டன் உள்ள அடக்கமா உட்கார்ந்திருக்கு, மெக்கானிக் தள்ளி வச்ச இடத்துலயே. தட்டு கண்ணாடி மாதிரி இருக்கு. பேடு போனதுக்கப்புறம் அந்த லிவரை யாரும் ஒரு தடவை கூட அமுக்கல."

"அப்படின்னா விழும்போது பேடு இருந்திருக்கு!"

"இருந்திருக்கு, நல்லா வேலையும் செஞ்சிருக்கு. அவ விழுந்ததுக்கு வேற காரணம். விழுந்ததுக்கப்புறம் ஒருத்தன் வந்து, நாலு பேடையும் உருவிட்டு, பழியை மெக்கானிக் தலையில கட்டியிருக்கான். பேடு உருவத் தெரிஞ்சவன்."

"அண்ணன்!" கேமரா தொடையில் தட்டினான். "ஆறு மாசம் கடை அனுபவம், மாப்பிள்ளை மேல கடுப்பு. பொருந்திப் போகுது மேடம். ஒரு டீ பந்தயம்."

வக்கீலம்மா பந்தயத்துக்குக் கை கொடுக்கவில்லை. மணி மூன்று ஆகிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லாக் கார்களும் முகத்தை வெளிப்பக்கம் காட்டி, கிளம்பத் தயாராக நின்றன. சாம்பல் நிறக் கார் ஒன்று மட்டும் கடைசி மூலையில், முகத்தைச் செடிகளுக்குள் புதைத்து, சுவரோடு ஒட்டி நின்றது.

"வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது," என்றான் கேமரா, சைக்கிளை இறக்கியபடி.

வக்கீலம்மா அந்தக் காரை ஒரு தரம் பார்த்துவிட்டு நடந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே ஒரு காத்திருக்கும் அறை. பச்சை நாற்காலிகள், சத்தமாக ஓடும் சுவர்க் கடிகாரம், யாரோ பாதியில் விட்ட டீ. ஒரு மூலையில் அண்ணன். பருத்த உடம்பு, வீங்கிய இமை. மறு மூலையில் லேப் தலைவர். கசங்காத சட்டை, கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவனுக்காகவா வந்திருக்கீங்க?" என்று அண்ணன் எகிறினார். "என் தங்கச்சி அங்க மூச்சு பேச்சு இல்லாம கிடக்கா. உங்களுக்கு அவன் பக்கம் பேச எப்படி மனசு வருது?"

"நான் யார் பக்கமும் பேச வரல. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

லேப் தலைவர் மெல்லிய குரலில் குறுக்கிட்டார். "விடுங்க தம்பி, அவங்க கடமை. நான் சொல்றேன் மேடம். எனக்கு முன்னாடி போய்க்கிட்டு இருந்தாங்க. வளைவு வந்தது, சைக்கிள் நிக்கவே இல்ல. கண்ணுக்கு முன்னாடி பறந்துட்டாங்க. என்ன கோளாறுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குக் கார் தெரியும், பைல் தெரியும். சைக்கிள்ல எது பிரேக், எது பெல்லுன்னு கூடத் தெரியாது."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இன்னும் அரை மணி நேரத்துல முழிச்சிடுவாங்க. ஒருத்தர்தான் உள்ள போகலாம். யாரு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அவளை அந்தக் கோலத்துல பார்க்கத் தைரியம் இல்லம்மா. சார் போறேன்னிருக்கார்."

"நானே போறேன்," என்றார் லேப் தலைவர். "பாவம், முழிச்சதும் தெரிஞ்ச முகமா இருக்கட்டும்."

கேமரா தன் சைக்கிளை எடுத்து வரக் கீழே போனான்.

மூன்றே முக்காலுக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் பின்னாலேயே கேமரா சைக்கிளை உருட்டிக்கொண்டு அறைக்குள் வந்தான். நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "இது ஆஸ்பத்திரியா ஒர்க்‌ஷாப்பா?"

"பத்தே நிமிஷம் சிஸ்டர். இதுவும் ஒரு ஆபரேஷன்தான்," என்றான் கேமரா.

வக்கீலம்மா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முன்சக்கரத்தைக் கழற்றினாள். பின்னின் நுனியைக் குறடால் நேராக்கினாள். பின் உருவி வந்தது. பேடுகளை இழுத்து எடுத்துப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்தாள்.

"நீங்க கடையில இருந்தவராச்சே," என்று அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பண்றது சரியா?"

"எனக்கென்ன தெரியும்? டியூபுக்குக் காத்தடிச்சதோட சரி. பிரேக் பக்கம் என்னை விட்டதே இல்ல அவன். நீ அவசரக்காரன், உசுரு விஷயம்னு சொல்லுவான்."

"பரவாயில்ல. இப்படி வாங்க. இந்த லிவரை நல்லா இறுக்கி அமுக்குங்க. பேடு இல்லேன்னா என்ன ஆகும்னு நாம எல்லாரும் பார்த்துடுவோம்."

அண்ணன் சலிப்போடு எழுந்து வந்தார். குனிந்து லிவரைப் பிடித்தார். கேமரா மூச்சைப் பிடித்துக்கொண்டான். பந்தயம் கட்டியவன் அவன். ஆனால் அண்ணனின் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. நான்கு தடித்த விரல்களும் லிவரின் மேல் மடங்கின.

"அமுக்காதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

லேப் தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். வலது கை முன்னால் நீண்டு, காற்றில் நின்றது. கண்ணாடி துடைக்கும் கைக்குட்டை காலடியில் கிடந்தது.

அந்தக் கை இறங்க ரொம்ப நேரம் ஆனது.

"சார்," என்றான் கேமரா மெதுவாக, "இதே வசனத்தை இன்னிக்கு மத்தியானம் ஒரு மெக்கானிக் வாயால கேட்டேன். அதே சத்தம்."

"இல்ல... ஆஸ்பத்திரித் தரை... ஆயில் கொட்டிடும்னு..."

"ஆயில் கொட்டும்னு நான் சொல்லவே இல்லையே?" என்றாள் வக்கீலம்மா. "எது பிரேக், எது பெல்லுன்னே தெரியாதவருக்கு இது எப்படித் தெரிஞ்சது?"

லேப் தலைவர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. "எப்பவோ, யாரோ சொல்லிக் கேட்டிருப்பேன்."

"கேட்டவன் தெரியும்னுதான் சொல்லுவான். பழகினவன்தான் கத்துவான்." வக்கீலம்மா எழுந்தாள். "எல்லாத்தையும் கச்சிதமா செஞ்சீங்க. டூல்ஸ் தேட வேண்டியதே இல்ல. சீட்டுக்கு அடியில பையிலயே இருந்துச்சு, அவ புருஷன் ஆசையா வச்சு அனுப்பினது. ரெண்டு பின்னையும் உருவினீங்க. நாலு பேடையும் எடுத்தீங்க. அடுத்தது லிவரை ரெண்டு தடவை அமுக்கி விட்டிருந்தா பிஸ்டன் வெளிய வந்து, தட்டுல கீறலும் விழுந்து, மெக்கானிக் வாழ்க்கை அதோட முடிஞ்சிருக்கும். நானே நம்பியிருப்பேன். ஆனா பேடு இல்லாதப்ப லிவரை அமுக்க உங்க கை வரல. சைக்கிள் தெரியாத ஒருத்தன் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கவே மாட்டான் சார்."

"போட்டோவும்தான்!" என்று கேமரா துள்ளினான். அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. "செயின் பக்கம் மேல தெரியற மாதிரி சைக்கிளைப் படுக்க வச்சிருந்தாரு. ஒரு மனுஷி கீழ விழுந்து கிடக்கும்போது, பல்சக்கரத்துல மண்ணு ஒட்டாமப் பார்த்துக்கிட்டிருக்காரு!"

"அதெல்லாம் சாட்சியாகாது," என்றார் லேப் தலைவர். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது, ஆபீசில் பைலைத் தூக்கி எறிகிற குரல். "நான் சத்தம் போட்டேன், சைக்கிளைப் படுக்க வச்சேன். இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாதுதான். உங்க கார் சாவியைக் குடுங்க."

அவர் அசையவில்லை.

"கீழ எல்லாக் காரும் வெளிப்பக்கம் பார்த்து நிக்குது. உங்களோடது மட்டும் ஏன் செடிக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டு நிக்குது? ரெண்டடி பின்னால எடுத்தா முன்பக்கம் என்ன தெரியும்? சிவப்புப் பெயின்டா?"

சப்-இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். சாவி அதில் விழுவதற்கும் எதிர்க் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. நர்ஸ்.

"கண்ணு முழிச்சிட்டாங்க. யாரு வர்றீங்க?"

லேப் தலைவர் அந்தப் பக்கம் ஒரே ஒரு எட்டு வைத்தார். எதற்கு வைத்தார் என்பது அவருக்கே தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குள் அண்ணன் குறுக்கே வந்து நின்றுவிட்டார். கதவே மறைந்துபோகும் உடம்பு அது.

"இன்னும் ஒரு அடி வச்சுப் பாரு," என்றார் அண்ணன். சத்தமே இல்லாமல் சொன்னதால் பயமாக இருந்தது.

லேப் தலைவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா தண்ணியைப் பரிசோதிக்காமலே சுத்தம்னு கையெழுத்துப் போட்டேன்," என்றார் தரையைப் பார்த்து. "மெஷின் கெட்டுப்போச்சு. மேல சொன்னா என் பேரு கெடும்னு மூடி வச்சேன். அவ தனியா வெளிய குடுத்துப் பரிசோதிச்சுட்டா. நேத்து பாட்டிலோட நேரா பெரிய ஆபீசுக்குப் போறேன்னா. நிறுத்திப் பேசலாம்னுதான் பின்னாலயே போனேன். வளைவுல அவ பிரேக் புடிச்சா. நான் புடிக்கல." நிறுத்தி, மூச்சு வாங்கினார். "முட்டி தேஞ்சு போற வரைக்கும் நானும் வாராவாரம் சைக்கிள் ஓட்டினவன்தான். புதுப் பேடு போடறோம்னு முந்தாநாள் லேப்ல சொல்லிக்கிட்டு இருந்தா. அந்த ஞாபகம் வந்து தொலைச்சது."

சாம்பல் நிறக் காரைப் பின்னால் எடுத்தபோது முன்பக்கத்தில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு இருந்தது. டிக்கியில், துணி சுற்றி, ஒரு பாட்டில் தண்ணீரும் நாலு பேடும் கிடைத்தன. பின்கள் இரண்டும் அதே துணியில்தான் இருந்தன. இரண்டு பின்னின் நுனியிலும், மடக்கி நேராக்கிய தடம் தெளிவாகத் தெரிந்தது.

"தூக்கிப் போட்டிருக்கலாமே, ஏன் வச்சிருந்தார்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"புதுப் பேடு சார்," என்றான் கேமரா. "சைக்கிள்காரனுக்கு மனசு வராது." பிறகு வக்கீலம்மாவின் பக்கம் திரும்பி, "டீ என் கணக்கு," என்றான்.

மெக்கானிக்கை அழைத்துவர ஜீப் கிளம்பியபோது, கேட்காமலேயே அதில் ஏறி உட்கார்ந்தவர் அண்ணன்தான். போகும் வழியில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அண்ணனின் கை மெக்கானிக்கின் தோளில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுவரை வந்துவிட்டு மெக்கானிக் நின்றுவிட்டான்.

"நீங்க முதல்ல போங்க மச்சான்."

"நான் எதுக்கு? நீ போ மாப்ள. உன்னைத்தான் தேடுவா."

மெக்கானிக் உள்ளே போனான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மற்றவர்கள் நின்றார்கள். கதவு முழுதாக மூடவில்லை.

தலையைச் சுற்றிக் கட்டு. ஒரு தோளில் மாவுக்கட்டு. அவள் கண்கள் மெல்ல நகர்ந்து அவனைக் கண்டுபிடித்தன. அவன் கட்டில் பக்கம் போய்க் குனிந்து நின்றான். பின்னின் தடத்தை சப்-இன்ஸ்பெக்டர் காட்டியிருந்தார். இருந்தும் அவள் வாயால் கேட்காமல் அவன் மனசு ஆறப்போவதில்லை என்பது, குனிந்து நின்ற முதுகிலேயே தெரிந்தது. வெளியே தெரிந்த அவளுடைய ஒரு கையை, உடைந்துவிடுமோ என்பது போலப் பிடித்தான்.

அவள் விரல்கள் மெதுவாக மடங்கி அவன் கையை அமுக்கின.

"பிரேக்கு..." என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சுத் தேட வேண்டியிருந்தது. "நல்லாப் புடிச்சுதுங்க. நான் நின்னுட்டேன். பின்னால வந்த காருதான் நிக்கல."